லெம்பித்தின் வயிற்றுக்குள் ஒரு பகல்: தாலின் நகரின் லென்னுசதாம் கடல் அருங்காட்சியகம்

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் பழைய நகரத்தின் கோட்டைச் சுவர்களையும் தேவாலயக் கோபுரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மதிலுக்கு வெளியே, கலமாயா பகுதியின் கடற்கரையோரமாகச் சற்று நேரம் நடந்தால், பழைய பதாரெய் சிறைச்சாலையைத் தாண்டி மூன்று பெரிய கான்கிரீட் குவிமாடங்கள் கண்ணில் படும். லென்னுசதாம், அதாவது கடல் விமானத் துறைமுகம் என்று பெயர் கொண்ட அந்த இடம் எஸ்தோனியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அங்கே நான் இரண்டு முறை சென்றேன். முதல் முறை ஏன் போதவில்லை என்பதையும் இரண்டாம் முறை என்ன கிடைத்தது என்பதையும் சொல்வதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் போனேன். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. காலையில் நகரம், மதியம் அருங்காட்சியகம் என்று திட்டமிட்டிருந்தார்கள். நகரத்தில் தாமதமாகிவிட்டதால் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சவில்லை. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. மண்டபத்தின் நடுவே நிற்கும் லெம்பித் நீர்மூழ்கியைக் காட்டி, "இது சோவியத் நீர்மூழ்கிக் கப்பல், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டது" என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்த வரியின் பிற்பகுதி சரிதான். முற்பகுதியோ, அந்தக் கப்பலை வாங்குவதற்காகக் காசு சேர்த்த ஒரு சிறிய நாட்டு மக்களின் கதையை அப்படியே மறைத்துவிடுகிறது. மறுநாள் தனியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே உள்ளே போய், மாலைவரை அங்கேயே இருந்தேன்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1916, 1917 ஆண்டுகளில், ரஷ்யப் பேரரசு தன் தலைநகரைக் கடல்வழித் தாக்குதலிலிருந்து காக்க அமைத்த பெரிய கடற்கோட்டை அமைப்பின் ஒரு பகுதியாக, டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியானி - நீல்சன் நிறுவனம் இதைக் கட்டியது. கடல் விமானங்களை நிறுத்தி வைப்பதற்கான கொட்டகை இது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் மூன்று குவிமாடங்கள் அடுத்தடுத்து எழுகின்றன. உச்சிப் பகுதியில் கான்கிரீட்டின் கனம் ஒரு சாண் அளவுகூட இல்லை. கம்பி போட்டு வார்த்த மெல்லிய கான்கிரீட் ஓட்டால் இவ்வளவு பெரிய கூரையை அமைத்தது அந்தக் காலத்தில் உலகிலேயே புதிய முயற்சி. பின்னர் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்த கட்டடத்தைச் செப்பனிட்டு 2012 மே மாதத்தில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே விளக்குகளைக் குறைத்து, நீல நிழல் படியும்படி அமைத்திருப்பதால், வாசலைத் தாண்டியதும் கண் பழகச் சில நொடிகள் ஆகும். கண் பழகியதும் முதலில் தெரிவது அந்தக் கருத்த, நீண்ட உடல்தான்.

மண்டபத்தின் தரைமட்டம் கடலுக்கடியிலுள்ள உலகத்துக்கும், நடுமட்டம் கடல்பரப்புக்கும், மேல்மட்டம் வானத்துக்கும் உரியவை. மேலே ஷார்ட் 184 வகைக் கடல் விமானத்தின் முழு அளவுப் பிரதி தொங்குகிறது. நடுமட்டத்தில் தொங்கும் நடைபாதையில் நடந்தால் படகுகளை அவற்றின் மேல்தள உயரத்திலிருந்தே பார்க்கலாம். சிறுவர்கள் அமர்ந்து ஓட்டிப் பார்க்கும் பாவனைக் கருவிகளும் உண்டு. குழந்தைகளோடு வருபவர்களுக்கு அவையே பாதி நாளை எடுத்துக்கொள்ளும். நான் அவற்றை வேகமாகக் கடந்து லெம்பித்திடம் போனேன்.

லெம்பித்தின் நீளம் 59.5 மீட்டர். நடைபாதையிலிருந்து பார்க்கும்போது அது அவ்வளவு பெரிதாகத் தெரியாது. கீழ்த்தளத்துக்கு இறங்கி அதன் வயிற்றருகே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இருபுறமும் பிதுங்கி நிற்கும் பக்கத் தொட்டிகளில் செங்குத்தான குழாய்கள் அமைந்திருக்கின்றன. கண்ணிவெடிகளை அவற்றுக்குள் அடுக்கி வைத்து, நீருக்கடியில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாகக் கீழே நழுவவிடுவதற்கான ஏற்பாடு அது. ஆழம் குறைந்த, குறுகலான பின்லாந்து வளைகுடாவைக் காக்க வேண்டிய ஒரு நாட்டுக்குப் பெரிய போர்க்கப்பல்களைவிட இதுதான் பொருத்தமான ஆயுதம் என்பது அந்தக் குழாய்களின் கீழே நிற்கும்போது விளக்கமில்லாமலே புரிந்துவிடுகிறது. முன்புறத்தில் 533 மில்லிமீட்டர் டார்பிடோக் குழாய்கள் நான்கு. மேல்தளத்தில் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி ஒன்றை, கப்பல் மூழ்கும்போது நீர் புகாத உறைக்குள் இறக்கி மூடிவிடும்படி அமைத்திருந்தார்கள்.

உள்ளே இறங்கும் படிகள் செங்குத்தானவை. பெட்டிக்குப் பெட்டி போகும் வாசல்கள் வட்டமாகவும் குறுகலாகவும் இருக்கின்றன. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, தலையைக் குனிந்து, பிறகு உடலை நுழைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் பெரிய பையைச் சுமந்து வருபவர்களும் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. டார்பிடோ அறையில் படுக்கைகளும் ஆயுதமும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நான் சென்ற நேரத்தில் கூட்டம் இல்லாததால், அந்த அறையில் சில நிமிடங்கள் தனியாக நிற்க முடிந்தது. குழாய்களின் வட்ட மூடிகளுக்கும் பக்கத்துப் படுக்கைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கையால் அளந்து பார்த்தேன். என் கை முழுதாக நீளவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் வாரக்கணக்கில் இதற்குள் உண்டு, உறங்கி, வேலை செய்திருக்கிறார்கள் என்பதை எழுத்தில் படிப்பது வேறு, அந்த அரைக்கை தூரத்தில் நின்று உணர்வது வேறு.

இந்தக் கப்பல் ஏன் மற்றக் கப்பல்களைப் போன்றதல்ல என்பதைப் புரிந்துகொள்ள, எஸ்தோனியக் கடற்படை எப்படித் தொடங்கியது என்பதைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் போகும் எவருக்கும் என் முதன்மையான பரிந்துரை இதுவே.

1918 நவம்பரில், போல்ஷெவிக் ரஷ்யாவுக்கு எதிரான விடுதலைப் போரின் தொடக்கத்தில், அந்தக் கடற்படை பிறந்தது. அதைக் கட்டியெழுப்பிய யோஹான் பித்கா கடற்படை அதிகாரியாக வளர்ந்தவர் அல்லர். வணிகக் கப்பல்களின் தலைவராக இருந்து, பின்னர் மூழ்கிய கப்பல்களை மீட்கும் தொழிலை நடத்தியவர். அவர் கையில் முதலில் கிடைத்தது ரஷ்யர்களிடமிருந்து ஜெர்மானியர்களிடம் போய், அவர்கள் விட்டுச்சென்ற 'போப்ர்' என்ற பழைய பீரங்கிக் கப்பல். அதற்கு எஸ்தோனியர்கள் லெம்பித் என்று பெயர் சூட்டினார்கள். 1217-ல் ஜெர்மானிய வீரர்களை எதிர்த்துப் போரிட்டு மடிந்த சகலா நாட்டுத் தலைவன் லெம்பித்துவின் பெயர் அது. இன்று மண்டபத்தில் நிற்கும் நீர்மூழ்கி அந்தப் பெயரைத் தாங்கிய இரண்டாவது கப்பல்.

அதே ஆண்டு டிசம்பரில் அட்மிரல் அலெக்சாண்டர்-சின்க்ளேரின் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் கப்பல் அணி தாலினுக்கு வந்து சேர்ந்தது. 26-ஆம் தேதி, ஸ்பார்தாக் என்ற போல்ஷெவிக் நாசகாரிக் கப்பல் தாலினை நோக்கி வந்து, பிரிட்டிஷ் கப்பல்களைக் கண்டதும் திரும்பி ஓடியது. ஓடும் அவசரத்தில் அதன் முன்பீரங்கியைப் பின்பக்கமாக அளவுக்கு மீறித் திருப்பிச் சுட்டதால், அந்த அதிர்ச்சியே கப்பலைச் செலுத்தும் மேடையையே சிதைத்தது. வழிதெரியாமல் கடலடித் திட்டு ஒன்றில் மோதி, கப்பலை உந்தும் விசிறிகளை இழந்து நின்றது. கப்பலில் இருந்த போல்ஷெவிக் தலைவர்களில் ஒருவரான ரஸ்கோல்னிகோவ் சிறைப்பட்டு லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். மறுநாள் அவ்த்ரொயில் என்ற மற்றொரு நாசகாரியும் சிக்கியது. 1919 ஜனவரித் தொடக்கத்தில் இரண்டையும் பிரிட்டிஷார் எஸ்தோனியர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்பார்தாக் வம்போலா ஆனது; அவ்த்ரொயில் லென்னுக் ஆனது. பிறந்து சில வாரங்களே ஆன ஒரு கடற்படைக்கு இரண்டு நவீன நாசகாரிகள் கிடைத்த கதை இதுதான்.

ஆனால் கிடைத்ததை வைத்துக் காப்பாற்றுவது வேறு செலவு. பெரிய எந்திரங்களும் அதிக ஆட்களும் தேவைப்படும் அந்த இரண்டு கப்பல்களும், பத்து லட்சத்தை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட நாட்டுக்குச் சுமையாகவே இருந்தன. 1933-ல், கொலம்பியாவோடு மோதலில் இருந்த பெரு நாட்டுக்கு அவற்றை விற்றுவிட்டார்கள். பால்டிக் கடலில் பனியைக் கண்ட கப்பல்கள் அல்மிரான்தே வில்லார், அல்மிரான்தே கைஸ் என்ற பெயர்களோடு பசிபிக் கடற்கரையில் 1950-களைக் காணும் வரை இருந்தன. எனவே அவற்றின் உடலை இந்த மண்டபத்தில் யாரும் பார்க்க முடியாது. ஆனாலும் லெம்பித்தின் பக்கத்தில் நிற்கும்போது அவற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த விற்பனையில் வந்த பணமும், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கென்றே அமைத்த நிதிக்கு மக்கள் கொடுத்த நன்கொடைகளும் சேர்ந்துதான் காலெவ், லெம்பித் என்ற இரட்டைக் கப்பல்களாக உருவெடுத்தன.

இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில் விக்கர்ஸ்-ஆர்ம்ஸ்ட்ராங்ஸ் தளத்தில் அவை கட்டப்பட்டன. 1936 ஜூலை 7 அன்று இரண்டும் ஒரே நாளில் நீரில் இறக்கப்பட்டன. மறு ஆண்டு எஸ்தோனியக் கொடியோடு நாடு திரும்பின. போரில் பிடித்தது, விட்டுச்சென்றது, பரிசாக வந்தது, ஒப்பந்தத்தில் திரும்பக் கிடைத்தது என்று பிறர் கட்டியவையே நிரம்பிய ஒரு கடற்படையில், தங்கள் கடலுக்கு என்ன தேவை என்று தாங்களே யோசித்து, தாங்களே பணம் கொடுத்துக் கட்டச் சொன்ன கப்பல்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் இன்று உடலோடு எஞ்சி, தொட்டுப் பார்க்கக் கிடைப்பது லெம்பித். "சோவியத் நீர்மூழ்கி" என்ற ஒற்றைச் சொல் எனக்கு ஏன் உறுத்தியது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

1940-ல் சோவியத் ஒன்றியம் எஸ்தோனியாவை இணைத்துக்கொண்டபோது கடற்படையும் அதனோடு போனது. காலெவ் 1941 இலையுதிர்காலப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பவேயில்லை. லெம்பித் தப்பியது, சோவியத் கொடியின் கீழ்ப் போர் முழுவதும் சென்று வந்து 1945-ல் செங்கொடி விருதும் பெற்றது. 1979-ல் தாலினுக்குக் கொண்டுவரப்பட்டு, பால்டிக் கப்பற்படையின் பெருமையைச் சொல்லும் காட்சிப்பொருளாக நீரில் நின்றது. எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட பின், 1992-ல், எஸ்தோனியர்கள் அதைத் தம் வசம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் அது நீரிலேயே மிதந்துகொண்டிருந்தது. 2011 மே மாதம் கரையேற்றப்படும்போது, உலகில் இன்னும் மிதந்துகொண்டிருந்த மிகப் பழைய நீர்மூழ்கிகளில் ஒன்று என்ற பெயரோடு எழுபத்தைந்து வயதை எட்டும் தறுவாயில் இருந்தது. இதில் எந்தப் பகுதியையும் மறைக்க வேண்டியதில்லை. சோவியத் மாலுமிகள் இதற்குள் பட்ட பாடும் உண்மையே. ஆனால் கதையை 1940-லிருந்து தொடங்குவது, ஒரு மனிதரின் வாழ்க்கையை அவர் வீட்டை இழந்த நாளிலிருந்து எழுதுவதைப் போன்றது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால், துறைமுக மேடையோரம் சூர் தொல் நிற்கிறது. இது கடற்படைக் கப்பல் என்பதைவிடப் பனி உடைக்கும் கப்பல். ஆனாலும் இதைப் பார்க்காமல் திரும்புபவர்கள் பாதிக் கதையோடு திரும்புகிறார்கள். 1914-ல் ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்டு, ஒரு ஜார் மன்னரின் பெயரைத் தாங்கியது. புரட்சிக்குப் பின் வொலினெத்ஸ் ஆனது. 1918-ல் பின்லாந்தின் உள்நாட்டுப் போரில் செம்படையை எதிர்த்த வெள்ளைப் படையினர் கைப்பற்றி வைனாமொய்னென் என்று பெயர் மாற்றினார்கள். விடுதலைப் போரை முடித்துவைத்த தார்த்து உடன்படிக்கையின்படி 1922-ல் எஸ்தோனியாவுக்கு வந்து, சாரெமா தீவின் நாட்டுப்புறக் கதைகளில் வரும் அரக்கவீரனின் பெயரைப் பெற்றது. 1941-க்குப் பின் மீண்டும் வொலினெத்ஸ். 1987-ல் பழைய இரும்பாக உடைபடுவதற்கு முன் மீட்கப்பட்டு மீண்டும் சூர் தொல். ஒரு கப்பலின் முகப்பில் எழுதி அழித்த பெயர்களை வரிசையாகப் படித்தாலே பால்டிக் கரையின் இருபதாம் நூற்றாண்டு தெரிந்துவிடும்.

இந்தக் கப்பலில் நான் மிக நீண்ட நேரம் நின்றது கொதிகலன் அறையில். மேல்தளத்தின் குளிர்காற்றிலிருந்து இரும்புப் படிகள் வழியாக இறங்க இறங்க, வெளிச்சம் மங்கி, பழைய எண்ணெயும் கரியும் கலந்த ஒரு வாடை எழுகிறது. உலைவாய்களின் கனத்த கதவுகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணெய் எரிக்கும் எந்திரங்கள் அல்ல இவை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மனிதன் மண்வாரியால் நிலக்கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலே உறைபனியை உடைத்துக்கொண்டு கப்பல் குலுங்க, கீழே உலையின் முன் வியர்வை வழிய நின்றவர்களின் உழைப்பால்தான் குளிர்காலத்தில் தாலின் துறைமுகம் திறந்திருந்தது. பின்புறத்தில் மட்டுமின்றி முன்புறத்திலும் ஒரு விசிறி இருப்பதையும், பனிக்கு அடியிலுள்ள நீரை அது உறிஞ்சி விலக்கிப் பனியைப் பலவீனமாக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு எந்திர அறைக்குள் போனால், அங்கே நிற்கும் மூன்று நீராவி எந்திரங்களுக்கும் பொருள் கிடைக்கும்.

இன்றைய எஸ்தோனியக் கடற்படையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1990-களில் மீண்டும் தொடங்கியபோதும் அது பிற நாடுகளின் பழைய கப்பல்களோடுதான் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்தவை இருந்தன. அவற்றில் இரண்டுக்கு அடுத்தடுத்து வம்போலா என்ற பழைய நாசகாரியின் பெயரையே சூட்டினார்கள். பிரிட்டனிடமிருந்து வாங்கிய மூன்று கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் இப்போது அதன் முதுகெலும்பு. இரண்டுக்குப் பழைய நாடுகளின் பெயர்களான சகலா, உகாந்தி. மூன்றாவதற்கு அட்மிரல் கோவன், அதாவது 1919-ல் பால்டிக்கில் பிரிட்டிஷ் அணிக்குத் தலைமை தாங்கியவரின் பெயர். இரண்டு உலகப் போர்களிலும் பின்லாந்து வளைகுடாவில் விதைத்த கண்ணிவெடிகள் இன்றும் அடித்தரையில் கிடக்கின்றன. அவற்றைத் தேடி அழிப்பதே இந்தச் சிறிய கடற்படையின் அன்றாட வேலைகளில் முக்கியமானது. லெம்பித்தின் பக்கக் குழாய்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தச் செய்தி சாதாரணமாகப் படாது.

போக விரும்புபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். கப்பல்களில் ஆர்வமுள்ளவராயின் ஒரு முழுப் பகல். சீட்டு வாங்கும்போதே வெளியில் நிற்கும் கப்பல்களும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாட்களும் நேரங்களும் மாறும் என்பதால் புறப்படும் முன் சரிபார்ப்பது அவசியம். குழுவோடு போவதானால், அங்கே எத்தனை மணி நேரம் தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முடிந்தால் தனியாகவே போங்கள், பழைய நகரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பதாரெய் வழியாகக் கடலோரம் நடந்து வந்தால், குவிமாடங்களை முதலில் வெளியிலிருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

காலையில் கதவு திறந்ததும் முதலில் லெம்பித்துக்குள் இறங்குங்கள். நேரம் ஆக ஆகப் பள்ளிக் குழந்தைகளும் பேருந்துக் கூட்டங்களும் வந்துவிட்டால், அந்தக் குறுகிய வாசல்களில் பின்னால் வருபவருக்கு வழிவிட்டே நேரம் போய்விடும். சூர் தொல்லை மதியத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். அதன் அறைகள் அகலமானவை, கூட்டம் கலைந்துவிடும். மாலை வெயில் சாயும் நேரத்தில் அதன் மேல்தளத்தில் நின்றால், ஸ்பார்தாக் திரும்பி ஓடிய அந்த வளைகுடா நேரே எதிரில் இருக்கும்.